முக்கால் மைல் வட்டம்

குடியிருப்பு வளாகத்து நீச்சல் குளத்தை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே எழும் சச்சரவுகள் சின்னவை. குளிக்காமல் குளத்தில் இறங்கியது யார், ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை விருந்தாளிகளாகக் கூட்டிவந்தது எந்த வீட்டுக்காரர், பராமரிப்புத் தொகை கட்டாத வீட்டுப் பிள்ளையை உள்ளே விடலாமா என்பவற்றையெல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்திலேயே பேசித் தீர்த்துவிடலாம். ஆனால் அமெரிக்காவில் இப்படிப்பட்ட சச்சரவு நான்கே ஆண்டுகளுக்குள் இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் தீர்ப்பு 1969 டிசம்பரில் வந்தது, அடுத்தது 1973 பிப்ரவரியில். இரண்டு குளங்களுமே தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய புறநகர்களில் இருந்தவை. ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில், மற்றது மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில். ஒரு பகுதியில் வீடு வாங்கியோ வாடகைக்கோ வந்துவிட்ட ஒருவரை அயலார் என்று ஒப்புக்கொள்ளும் கடமை, அந்தப் பகுதியின் குளத்தை நடத்தும் சங்கத்துக்கு உண்டா என்பதே இரு வழக்குகளிலும் எழுந்த கேள்வி. அக்கம்பக்கத்தார் சேர்ந்து வைத்திருக்கும் குளம் பகிர்ந்துகொள்ளும் மனத்தின் விளைவு என்றுதான் நாம் நினைக்கிறோம். அமெரிக்கப் புறநகரில் அதன் கதை வேறு. ஊருக்கெல்லாம் பொதுவான குளத்தைப் பகிர விரும்பாதவர்கள் தங்களுக்குள் மட்டும் பகிர்ந்துகொள்ள அமைத்த ஏற்பாடாகவே அது பரவியது. வீட்டு வாசலில் இருந்த பூட்டுக்குச் சட்டத்தின் துணை போனபோது, அந்தப் பூட்டைக் குளத்து வாசலில் மாட்டினார்கள். இதைச் சொல்லச் சான்றுகள் இருக்கின்றன, எதிர்வாதங்களும் இருக்கின்றன. இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஊர்க் குளங்களின் கதை. பாஸ்டன் நகராட்சி 1868-இல் கேபட் தெருவில் திறந்த குளத்தையே அமெரிக்காவின் முதல் நகராட்சி நீச்சல் குளம் என்று வரலாற்றாசிரியர் ஜெஃப் வில்ட்சி தம் ஆய்வில் குறிப்பிடுகிறார். குளியலறை இல்லாத வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிகள் உடம்பைச் சுத்தம் செய்துகொள்வதற்காக அந்தக் காலத்துக் குளங்கள் கட்டப்பட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நாட்கள் இருந்தன. வட மாநிலங்களின் பல குளங்களில் கறுப்பினத் தொழிலாளிகளும் வெள்ளையினத் தொழிலாளிகளும் சேர்ந்தே குளித்தார்கள். பணக்காரர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. மணல்வெளி, புல்தரை, வெயில் காய இடம் என்று குளங்கள் பெரிதாகி, பொழுதுபோக்கு இடங்களாக மாறின. ஆண்களும் பெண்களும் ஒரே நேரத்தில் நீந்த அனுமதி கிடைத்தது, நடுத்தர வர்க்கமும் வந்து சேர்ந்தது. நிறத்தின் பெயரால் கோடு விழுந்ததும் அப்போதுதான். கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்கள் இருக்கும் நீரில் இறங்குவதா என்ற அச்சம், கறுப்பினத்தவர் நோய் கொண்டுவருவார்கள் என்ற பொய், இரண்டும் சேர்ந்து அந்தக் கோட்டை இழுத்ததாக வில்ட்சி காட்டுகிறார். தீட்டு எப்படி வேலை செய்யும் என்று அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மகாடு ஊரின் சௌதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்த 1927-ஆம் ஆண்டுதான், அமெரிக்க நகரங்களிலும் இந்தக் கோடு இறுகிக்கொண்டிருந்த காலம். பிட்ஸ்பர்கின் ஹைலேண்ட் பார்க் குளம் 1931-இல் திறந்தபோது, அங்கே நீந்த வந்த கறுப்பின இளைஞர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அரசின் கொள்கையில் அப்படியொரு தடை எழுதப்பட்டிருக்கவில்லை. நீரில் இருந்தவர்களே அடித்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த காவலர்கள் தடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீதிமன்றங்கள் இந்தக் கோட்டை அழிக்கத் தொடங்கின. செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பார்க் குளம் 1913-இல் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கும் அளவுக்குப் பெரிய வட்டக் குளம் அது. 1949 ஜூன் 21 அன்று முதன்முறையாகக் கறுப்பினச் சிறுவர்களை உள்ளே விட்டதும் வெளியே கும்பல் கூடியது. அன்று மாலை கலவரம் வெடித்தது, நகராட்சி பின்வாங்கியது. மறு ஆண்டு நீதிமன்ற ஆணையால் குளம் எல்லோருக்கும் திறந்தது. 1948 கோடையில் அந்தக் குளத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 3,13,000, 1950 கோடையில் சுமார் 60,000 என்று வில்ட்சி தருகிறார். 1956-இல் அந்தக் குளம் மூடப்பட்டது. தெற்கில் இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். பால்டிமோர் குளங்கள், கடற்கரைகள் பற்றிய வழக்கில் 1955-இல் தீர்ப்பு வந்த பிறகு, பொது இடத்துக் குளத்தில் நிறப் பாகுபாடு செல்லாது என்பது உறுதியானது. அலபாமாவின் மான்ட்கோமரி நகரம் தன் பூங்காக்களையே 1959 தொடக்கத்தில் மூடிவிட்டது, ஓக் பார்க் குளம் மண் போட்டு நிரப்பப்பட்டது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமும் 1963-இல் தன் குளங்களை மூடியது. அந்த வழக்கு 1971-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, இரு இனத்தாருக்கும் சேர்த்தே குளம் மூடப்பட்டிருப்பதால் சமத்துவம் மீறப்படவில்லை என்று ஐவர் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள். அந்த நால்வர் கருத்தே நியாயமானது என்று நான் கருதுகிறேன். கறுப்பினத்தவர் நுழையும் உரிமை பெற்ற பிறகு ஒரு பொதுச் சொத்தை மூடினால், மூடுவதன் பொருள் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நீந்துவதை நிறுத்திக்கொண்ட அந்த லட்சக்கணக்கான வெள்ளையர்கள் எங்கே போனார்கள்? தண்ணீரை வெறுத்து அவர்கள் கரையேறவில்லை. 1950-இல் அமெரிக்க வீடுகளில் தரைக்குள் கட்டப்பட்ட குளங்கள் சுமார் 2,500 மட்டுமே. நூற்றாண்டின் இறுதியில் அவை 40 லட்சத்தைத் தாண்டின. ஆனால் வீட்டுக்கு ஒரு குளம் என்பது 1950-களின் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே முந்நூறு நானூறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, பங்கு விற்று, நிலம் வாங்கிக் குளம் கட்டின. இதுதான் புறநகர் நீச்சல் சங்கம். வாஷிங்டன் நகரக் குளங்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்ட பிறகு, பத்தாண்டுக்குள் அந்த வட்டாரத்தில் சுமார் 125 தனியார் நீச்சல் சங்கங்கள் தோன்றியதாக 2021-இல் வெளியான தம் நூலில் ஹெதர் மெக்கீ எழுதுகிறார். முதலில் சொன்ன இரண்டு வழக்குகளும் ஏன் வாஷிங்டனின் புறநகர்களிலிருந்தே வந்தன என்பது இதிலிருந்து புரியும்.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். அது வலுவானது, அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் எல்லாமே புறநகருக்குப் போயின. கார் வந்தது, நெடுஞ்சாலை வந்தது, முன்னாள் படைவீரர்களுக்கு வீட்டுக் கடன் கிடைத்தது. கான்கிரீட்டைக் குழாய் வழியே பீய்ச்சிக் குளம் கட்டும் முறையும் நல்ல வடிகட்டிகளும் வந்ததால் செலவு குறைந்தது. கடைகள் போயின, பள்ளிகள் போயின, குளங்களும் போயின. இதில் நிறவெறியை எதற்குத் தேட வேண்டும்? மேலும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து குளம் வைத்துக்கொள்ளும் யோசனை நிறத் தகராறுகளுக்கு முந்தையது. கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்து, 1929-இல் குடிபுகுந்த நியூ ஜெர்சியின் ராட்பர்ன் குடியிருப்பில் பூங்காக்களும் குளங்களும் குடியிருப்போர் சங்கத்தின் பொதுச் சொத்தாகவே இருந்தன. வீட்டுக்காரர்கள் கட்டும் ஆண்டுத் தொகையில் அவை பராமரிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் அடுக்ககச் சங்கங்கள் பின்பற்றும் ஏற்பாட்டின் முன்மாதிரிகளில் ஒன்று அது. நியூயார்க் அருகே லெவிட் நிறுவனம் கட்டிய லெவிட்டவுனில் ஒன்பது குளங்கள் இருந்தன, பென்சில்வேனியா லெவிட்டவுனில் ஐந்து. பிள்ளைகள் நிறைந்த இடத்தில் குளம் இருப்பது இயல்புதானே?

இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை. காரும் கடனும் வடிகட்டியும் இல்லாமல் புறநகர்க் குளம் பரவியிருக்க முடியாது. ஆனால் செயின்ட் லூயிஸ் கணக்கை மறுபடி பாருங்கள். இரண்டே ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு கூட்டம் குறைந்ததற்குக் கார் காரணமாக முடியாது, இரண்டு ஆண்டில் அத்தனை பேர் கார் வாங்கிவிடவில்லை. அந்த இடைவெளியில் மாறியது ஒன்றே ஒன்று, உள்ளே யாரை விடலாம் என்ற விதி. அதைவிட முக்கியமானது இன்னொன்று. ராட்பர்னையும் லெவிட்டவுனையும் சாட்சிக்கு அழைப்பவர்கள், அந்தக் குளங்களுக்கு ஏன் நிறவிதி தேவைப்படவில்லை என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். லெவிட்டவுனில் வெள்ளையருக்கு மட்டுமே வீடு கொடுத்தார்கள். தொடக்கக் கால ஒப்பந்தங்களில் அதை எழுதியே வைத்திருந்தார்கள். கூட்டரசின் வீட்டுக் கடன் உத்தரவாத அமைப்பும் கலப்புக் குடியிருப்புகளை ஆபத்தானவை என்று ஒதுக்கியே வழிகாட்டி வகுத்திருந்தது. தெருவிலேயே தடுத்துவிட்டால் குளத்தில் தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள். 1948-இல் நிற அடிப்படையிலான வீட்டு ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968-இல் வீடு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. இந்த இருபது ஆண்டுகளில்தான் தெருவில் இருந்த தடை மெல்லத் தளர்ந்தது. குளத்துச் சங்கங்களின் துணைவிதிகள் வெளிச்சத்துக்கு வருவதும் இதே காலத்தில்தான். இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து நடந்தவை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வர்ஜீனியா வழக்கின் விவரங்கள் இதைத் துலக்கிக் காட்டும். லிட்டில் ஹண்டிங் பார்க் என்பது ஒரு குடியிருப்புப் பகுதியினருக்காகப் பூங்காவும் நீச்சல் குளமும் நடத்திய சங்கம். பங்கு வாங்கியவரின் குடும்பம் அவற்றைப் பயன்படுத்தலாம். வீட்டை வாடகைக்கு விட்டால், நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு அந்தப் பங்கையும் குடித்தனக்காரருக்கு மாற்றிக் கொடுக்கலாம். பால் சல்லிவன் என்ற வெள்ளையர் அந்தப் பகுதியில் இரண்டாவதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு, முதல் வீட்டை ஃப்ரீமன் என்ற கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டார், வழக்கம்போலக் குளத்துப் பங்கையும் மாற்றிக் கொடுத்தார். ஃப்ரீமன் கூட்டரசின் வேளாண் துறையில் பணியாற்றியவர். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகவே நிர்வாகக் குழு ஒப்புதல் தர மறுத்தது. சல்லிவன் அதை எதிர்த்துப் பேசினார். சங்கம் அவரையே வெளியேற்றி, பங்குகளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. குளத்துச் சங்கத்தின் உள்விதி எதைக் காத்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு நடவடிக்கை போதும். வாடகைக்கு வந்தவர் கறுப்பர் என்பதால் வாசலில் நிறுத்தப்பட்டார், வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளையராக இருந்தும், அயலாரை அயலாராக நடத்தச் சொன்னதால் வெளியே தள்ளப்பட்டார். வர்ஜீனியா நீதிமன்றங்கள் இருவருக்கும் கைகொடுக்கவில்லை. 1969 டிசம்பர் 15 அன்று நீதிபதி டக்ளஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்புதான் அவர்களுக்கு நீதி தந்தது. அப்போது ஃப்ரீமன் அந்தப் பகுதியிலேயே இல்லை. அவருக்கு மிச்சமிருந்தது இழப்பீட்டுக் கோரிக்கை மட்டுமே.

அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்ற சட்டம் 1866-இல் இயற்றப்பட்டது. அடிமை முறை ஒழிந்த மறு ஆண்டில், சொத்தை வாங்க, விற்க, குத்தகைக்கு எடுக்க வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று சொன்ன சட்டம் அது. நூறு ஆண்டு அதைப் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. 1968-இல் வேறொரு வீட்டு வழக்கில், தனியார் செய்யும் பாகுபாட்டையும் இந்தச் சட்டம் தடுக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டோடு சேர்ந்து வரும் குளத்துப் பங்கும் அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையின் பகுதிதான் என்று சல்லிவன் வழக்கு அதை நீட்டியது. வரலாற்று நோக்கில் இந்த நீட்டிப்பை நான் மிக முக்கியமானதாகப் பார்க்கிறேன். வீடு என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டும் என்றால், ஒருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டோடு வரும் மற்ற எல்லாவற்றையும் மறுத்துவிடலாம். குளம், பூங்கா, விளையாட்டுத் திடல், சங்கக் கூட்டத்தில் ஓட்டு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகலாம். அந்தக் கழித்தலுக்கு இந்தத் தீர்ப்பு தடை போட்டது.

சில்வர் ஸ்பிரிங் சங்கம் இந்தப் பிடியிலிருந்து தப்ப நினைத்தது. வீட்டன்-ஹேவன் என்ற அந்தச் சங்கம் 1958-இல் அமைக்கப்பட்டது. உறுப்பினர் வரம்பு 325 குடும்பங்கள். அங்கே வீட்டோடு சேர்ந்து பங்கு கைமாறாது, எனவே இது சொத்துரிமை வழக்கே அல்ல, நண்பர்கள் கூடும் தனியார் சங்கத்தின் விவகாரம் என்று அவர்கள் வாதாடினார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் துணைவிதிகளைத் திறந்து பார்த்தால் வேறு படம் தெரிகிறது. குளத்தைச் சுற்றி முக்கால் மைல் தொலைவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் குடியிருப்பவர் விண்ணப்பிக்க யாருடைய பரிந்துரையும் வேண்டாம். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் அவருக்கே முன்னுரிமை. உறுப்பினர் ஒருவர் வீட்டை விற்று உறுப்புரிமையையும் விட்டுக்கொடுத்தால், அந்த இடத்தைப் பெறும் முதல் வாய்ப்பு வீட்டை வாங்கியவருக்கு. குளம் கட்டுவதற்கே கவுன்டியிடம் நில உபயோகச் சிறப்பு அனுமதி பெற்றிருந்தார்கள். இத்தனையும் சேர்ந்தால் அந்த வட்டத்தில் வீடு வாங்குவதன் விலையில் குளமும் அடங்கிவிட்டது. 1968-இல் ஒரு கறுப்பினத் தம்பதி அந்த வட்டத்துக்குள் வீடு வாங்கினார்கள். அவர்களுக்கு விண்ணப்பப் படிவமே கொடுக்கப்படவில்லை.

அதே கோடையில், ஜூலை மாதம், டில்மன் என்ற வெள்ளையின உறுப்பினர் தம்பதி தங்கள் கறுப்பினத் தோழியை விருந்தினராகக் குளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று அவர் அனுமதிக்கப்பட்டார். மறுநாளே நிர்வாகக் குழு சிறப்புக் கூட்டம் போட்டது. இனிமேல் உறுப்பினர்களின் உறவினர்கள் மட்டுமே விருந்தினராக வரலாம் என்று முடிவு செய்தது. அந்த விதியில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. காகிதத்தில் படித்தால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண விதி, எந்த அடுக்ககத்திலும் இருக்கக்கூடியது. கறுப்பின விருந்தினர்களைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்பதைச் சங்கமே பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டார்கள். கறுப்பினத்தவரை உறுப்பினராக்க வழிவிடும் தீர்மானம் தோற்றது. ஆகவே இது நிர்வாகத்தில் இருந்த நான்கைந்து பேரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1973 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, எழுதியவர் நீதிபதி பிளாக்மன். வட்டத்துக்குள் குடியிருக்கும் வெள்ளையருக்குக் கிடைக்கும் அந்த மூன்று சலுகைகளும் வீட்டோடு சேர்ந்த மதிப்புகளே, அவற்றைக் கறுப்பின வீட்டுக்காரருக்கு மறுப்பது 1866-இன் சட்டத்தை மீறுவது என்றது தீர்ப்பு.

இந்த இடத்தில் சுதந்திரத்தை மதிப்பவர்கள் எழுப்பும் ஓர் எதிர்வாதத்தைக் கவனமாக எதிர்கொள்ள வேண்டும். யாரோடு பழகுவது, யாரோடு நீந்துவது என்பது அவரவர் விருப்பம். உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் காசில் கட்டியது அந்தக் குளம், அரசுப் பணம் ஒரு டாலர்கூட அதில் இல்லை. அதன் வாசலில் நின்று அரசு கட்டளையிடலாமா? 1964-இன் குடிமை உரிமைச் சட்டமே உண்மையான தனியார் சங்கங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது அல்லவா? இந்தக் கேள்வியின் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். பழகும் சுதந்திரம் இல்லாத இடத்தில் அயலாரிடம் அன்பும் வளராது. ஆனால் அந்தச் சுதந்திரத்தைக் கோருபவர் உண்மையிலேயே தேர்ந்தெடுத்துப் பழகியிருக்க வேண்டும். வீட்டன்-ஹேவன் தன் 325 குடும்பங்களை எப்படித் தேர்ந்தெடுத்தது? குணத்தைப் பார்க்கவில்லை, நட்பைப் பார்க்கவில்லை, நீச்சல் திறமையைக்கூடப் பார்க்கவில்லை. முகவரியைப் பார்த்தது, அதற்கடுத்துத் தோலைப் பார்த்தது. லிட்டில் ஹண்டிங் பார்க் பற்றியும் நீதிமன்றம் இதையே கண்டது. அந்தப் பகுதியின் எந்த வெள்ளையரும் வரலாம், நிறம் தவிர வேறு தேர்வே இல்லை, எனவே அது தனியார் சங்கம் அல்ல. அர்கன்சாஸின் லிட்டில் ராக் அருகே லேக் நிக்சன் கிளப் என்ற நீச்சல், படகு வசதி கொண்ட இடம் இருபத்தைந்து சென்ட் வாங்கிக்கொண்டு, வந்த வெள்ளையர் எல்லோருக்கும் உறுப்பினர் அட்டை கொடுத்துவிட்டு, தன்னைத் தனியார் சங்கம் என்று சொல்லிக்கொண்டது. ஆண்டுக்கு லட்சம் பேர் வந்துபோன இடம் அது. 1969 ஜூனில் அந்த வேடத்தையும் நீதிமன்றம் கலைத்தது.

அயலார் ஒருவரையொருவர் தேர்ந்தெடுப்பதில்லை என்பதுதான் அக்கம்பக்கத்தின் அடிப்படை. நண்பனை நாம் தேடிப் போகிறோம். அயலார் வீடு வாங்கி வந்து சேர்கிறார். அவர் வந்துவிட்ட பிறகு அவரை ஏற்பதா வேண்டாமா என்று ஓட்டெடுக்கும் அதிகாரம் ஒரு சங்கத்துக்கு இருந்தால், அது நட்பின் சுதந்திரமாக இருக்க முடியாது. குடியிருக்கும் உரிமையின் மீதான ரத்து அதிகாரமாகவே அது இருக்கும்.

அப்படியானால் குளத்தைப் பகிர்வதே அந்தக் கால வெள்ளையினப் புறநகருக்கு இயலாத காரியமா? இதற்கு விடை சில்வர் ஸ்பிரிங்கிலிருந்து சிறிது நேரக் கார்ப் பயணத்திலேயே இருந்தது. ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழில்முனைவர் மேரிலாந்தின் ஹோவர்டு கவுன்டியில் அந்தக் கவுன்டியின் பத்தில் ஒரு பங்கு நிலத்தை, சுமார் 14,000 ஏக்கரை, துண்டு துண்டாக வாங்கியிருப்பதை 1963-இல் அறிவித்தார். அங்கே கொலம்பியா என்ற புதிய நகரம் 1967 ஜூனில் திறந்தது. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டு அது. சட்டம் வரக் காத்திராமல், எல்லா இனத்தாருக்கும் வீடு விற்பது என்று ரவுஸ் முடிவெடுத்திருந்தார். நகரத்தைக் கிராமங்களாகப் பிரித்து, கிராமத்தை அக்கம்பக்கங்களாகப் பிரித்தார். அக்கம்பக்கத்தின் நடுவில் பள்ளி, கூடம், நீச்சல் குளம். தபால் பெட்டிகளைக்கூட வீட்டு வாசலில் வைக்காமல் ஓரிடத்தில் கூட்டாக வைத்தார்கள், கடிதம் எடுக்க வருபவர்கள் ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்பதற்காக. கொலம்பியா சங்கம் ஒவ்வொரு சொத்தின் மீதும் ஆண்டுத் தொகை வசூலித்து இவற்றை நடத்தியது. பின்னாளில் அதன் திறந்தவெளிக் குளங்கள் 23 ஆயின. வீட்டன்-ஹேவன் உறுப்பினர்கள் கறுப்பினத்தவருக்கு எதிராக ஓட்டுப் போட்ட அதே 1968-இல், அதே மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே அக்கம்பக்கக் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

கொலம்பியா விதிவிலக்கு என்பார்கள். காலியிடத்தில் புதிதாகக் கட்டியது, படித்தவர்கள் விரும்பித் தேடி வந்த இடம், ஒரு தனிமனிதரின் லட்சியம் நிறுவனத்தின் பணத்தோடு சேர்ந்ததால் சாத்தியமானது. இவையெல்லாம் உண்மை. கொலம்பியாவில் குளத்துக்குக் கட்டணம் உண்டு, கட்ட முடியாதவரின் தூரம் அங்கேயும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் விதிவிலக்கு ஒன்றை நிரூபிக்கிறது. புறநகர், கார், நடுத்தர வர்க்கம், ஆண்டுத் தொகை, சங்கம், ஏன், வெயிலும் கோடையும்கூட இரண்டு இடங்களிலும் ஒன்றே. வேறுபட்டது சேர்க்கை விதியும் அதை எழுதியவரின் மனமும். வெள்ளையர்களின் உள்ளார்ந்த வெறுப்புதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்பவர்களும் இதே சான்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். விதி முதல் நாளிலேயே திறந்திருந்த இடத்தில், அதை ஏற்றுக்கொண்டு குடிவந்த வெள்ளையர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1973-க்குப் பின் கதை முடிந்துவிட்டதா? குடியிருப்போர் சங்கங்கள் அதற்குப் பிறகுதான் வெள்ளமாகப் பெருகின. 1970-இல் சுமார் பத்தாயிரமாக இருந்தவை இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. இந்த வளாகங்களில் குளம் தனிச் சங்கத்தின் கையில் இல்லை, வீட்டுப் பத்திரத்தோடு கட்டப்பட்டு வருகிறது. வீடு வாங்கினால் குளமும் உங்களுடையது. அந்த அளவில் இரண்டு தீர்ப்புகளும் வென்றுவிட்டன. ஆனால் வளாகத்துக்கு வெளியே, நகராட்சிக் குளங்களைக் கட்டவும் பராமரிக்கவும் அரசுகளுக்கு இருந்த ஆர்வம் வற்றியது. வளாகத்தில் வீடு வாங்க முடிந்தவருக்கு நீச்சல் உண்டு, முடியாதவருக்கு இல்லை. வசதி படைத்தோரில் வெள்ளையரே மிகுதி என்பதால் பழைய கோடு வேறு பெயரில் தொடர்கிறது. 1999 முதல் 2010 வரையிலான இறப்புப் பதிவுகளை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஆராய்ந்தபோது, நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் 5 முதல் 19 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளையினப் பிள்ளைகளைவிட ஐந்தரை மடங்கு இருந்தது. நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளைக்கு நீச்சல் கற்றுத்தருவது அரிது. ஒரு தலைமுறைக்கு மூடப்பட்ட வாசல் அடுத்தடுத்த தலைமுறைகளின் உயிரையும் எடுக்கிறது. இந்த எண்ணைப் படித்த பிறகும் குளத்து விதிகளைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விருந்தினர் விதியும் மறையவில்லை. டெக்சஸின் மக்கின்னி நகரில் 2015 ஜூன் 5 அன்று, கிரெய்க் ரான்ச் என்ற குடியிருப்புப் பகுதியின் குளத்தருகே இளைஞர்கள் கொண்டாட்டத்துக்குக் கூடினார்கள், அவர்களில் பலர் கறுப்பினத்தவர். அனுமதியின்றி வந்திருக்கிறார்கள் என்ற புகாரில் காவல்துறை வந்தது. நீச்சலுடையில் இருந்த பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமியை ஒரு காவலர் தரையில் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றிய காட்சி உலகமெங்கும் பரவியது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். எத்தனை விருந்தினர் வரலாம் என்று வரம்பு வைக்கும் உரிமை ஒரு சங்கத்துக்கு உண்டு, அதை மறுக்க முடியாது. நீரின் கொள்ளளவு, உயிர்காப்பாளர் எண்ணிக்கை, சுத்தம் எல்லாம் உண்மையான கவலைகள். ஆனால் அந்த விதி யாருக்கு எதிராக எடுக்கப்படுகிறது, யார் வரும்போது மறக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே விதியை மதிப்பிட வேண்டும். சில்வர் ஸ்பிரிங் விதி பிறந்த தேதி தெரிந்ததால்தான் அதன் நோக்கம் தெரிந்தது.

நிறத்தைத் தாண்டியும் இந்தக் கேள்வி நகர்ந்திருக்கிறது. நியூ ஜெர்சியின் லேக்வுட்டில், 55 வயதைக் கடந்தோருக்கான ஒரு குடியிருப்பில் பெரும்பான்மையோர் வைதிக யூதர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்துவதை அவர்கள் மதம் ஏற்பதில்லை. நிர்வாகக் குழு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கியது. 2016 வாக்கில் குளம் திறந்திருந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து நீந்த விரும்பிய வீட்டுக்காரர்கள் விதியை மீறியபோது 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, அவர்கள் வழக்குப் போட்டார்கள். இங்கே இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பான்மையோர் தங்கள் மத நெறியோடு நீந்த விரும்புவது வெறுப்பால் அல்ல. மொத்த மணிக்கணக்கும் இரு பாலாருக்கும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் 2019 ஏப்ரலில் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர அட்டவணையை வரி வரியாகப் படித்தது. வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு பெண்களுக்கென்று இருந்தது வாரத்தில் மூன்றரை மணி நேரம், ஆண்களுக்குப் பதினாறரை. வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, பெண்கள் வீட்டில் ஓய்வுநாள் சமையலில் இருப்பார்கள் என்ற எண்ணத்தில். பகலில் வேலைக்குப் போகும் பெண் இந்த அட்டவணையில் எப்போது நீந்துவாள்? வீடு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் 1968-இன் சட்டத்தை இது மீறுகிறது என்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். மாலை நேரத்தைச் சரிசமமாகப் பிரித்திருந்தால் இந்தப் பிரிப்பு செல்லுமா என்ற கேள்வி அந்த வழக்கில் முடிவாகவில்லை. அப்போதும் செல்லாது என்று தமக்குத் தோன்றுவதாக ஒரு நீதிபதி தனியே எழுதி வைத்தார்.